ராணி கலர் நூல்

ஆகஸ்ட் 8, வெள்ளி

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உங்கள் பெயருக்கு முன்னால் "திரு" இருக்கிறது. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரியாகத்தான் கேட்டார், "பொண்ணோட அப்பா பேர எப்படிப் போடணும் சம்பந்தியம்மா?" என்று. எப்படிப் போடுவார்கள்? எழுத்துக் கூட்டித்தான் போடுவார்கள். "திரு. சு. பிச்சையா, ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆலடிப்பத்து" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெறும்வரை நீங்கள் இங்கே இருக்கவில்லை. அதனால் என்ன, வயது வந்துவிட்டது, நானே ஓய்வு கொடுத்துவிட்டேன்.

பேப்பரிலும் கட்டம் கட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன். கல்யாணம் செப்டம்பர் நான்கு, வியாழக்கிழமை. எந்த ஊரில் இருந்தாலும் காலையில் டீக்கடைக்குப் போகாமல் உங்களால் இருக்க முடியாது. டீக்கடை என்றால் பேப்பர் கிடக்கும். எழிலரசி என்று மகள் பெயரைப் பார்த்த பிறகும் வராவிட்டால் நீங்கள் மனுஷனே இல்லை.

உரக்கடையில் கொடுத்த இந்த டைரியோடு, வருஷத்துக்கு ஒன்றாக ஆறு டைரி ஆகிவிட்டது. எல்லாம் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறேன். வந்ததும் முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். படித்து முடிக்கும்வரை சோறு கிடையாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழிலின் முகூர்த்தச் சேலைக்கு ரவிக்கை வெட்டினேன். ராணி கலர். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிற உலகம்மாள், சொந்த மகளுக்குக் கத்திரி வைக்கும் முன் மூன்று தடவை அளந்து பார்த்தாள் என்று எழுதி வைக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டை எடுக்கும்போது நீங்கள் போன அன்று காலை நினைவுக்கு வந்தது. ஐப்பசி மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பிள்ளைகள் நாலு பேர்தான் மிச்சம், மூடிவிடுவார்கள் போலிருக்கிறது, தென்காசிக்குப் போய் ஆபீசில் கெஞ்சிப் பார்க்கிறேன் என்று கிளம்பினீர்கள். கிளம்புகிற நேரம் மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி கழன்று கையோடு வந்தது. மெஷினில் கோத்திருந்தது ராணி கலர் நூல். அதையே நாலு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். "ஆபீசர் சிரிக்கப் போறாருட்டி" என்றீர்கள். "சிரிச்சா நல்லதுதான, சிரிச்ச மூஞ்சியோட கையெழுத்துப் போடுவாரு" என்றேன். குடையை விரித்துக்கொண்டு போனீர்கள். அவ்வளவுதான்.

ஆபீசுக்கு நீங்கள் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, அருவிக்கரை மடங்கள் என்று தேடாத இடம் இல்லை. காவி கட்டிக்கொண்டு பழனியில் இருப்பதாக ஒருவர் சொன்னார். கேரளாவில் வேறு குடும்பம் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். என் அண்ணன் அவர் சட்டையைப் பிடிக்கப் போனான், நான்தான் தடுத்தேன். காவியோ குடும்பமோ, ஏதாவது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். வேளைக்குச் சாப்பிட்டால் போதும். எப்படியும் என் கையில் மாட்டாமலா போவீர்கள்!

ஆகஸ்ட் 13, புதன்

பூல்பாண்டி வந்திருந்தான். உங்களிடம் படித்தவன், முக்கு ரோட்டில் மைக்செட் கடை வைத்திருப்பவன். நீங்கள் போன அடுத்த ஆனியிலேயே பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், அதற்கு அப்புறம் புறாதான் படித்துக்கொண்டிருந்தது என்று முன்பே எழுதியிருக்கிறேன். இப்போது பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து, அந்த ஒற்றை அறையை வெள்ளையடித்து, ஊர் வரலாற்றுக் காட்சியகம் ஆக்கியிருக்கிறார்களாம். சுதந்திர தினத்தன்று திறப்பு.

"வெளக்கு நீங்கதாம்மா ஏத்தணும்."

"நான் எதுக்குய்யா? பஞ்சாயத்துத் தலைவரு இருக்காவள்லா."

"சாரு பள்ளிக்கூடம்மா. வேற யாரு ஏத்த?"

சொன்னவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். காப்பி கொடுத்தேன், அதையும் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கடன் கேட்க வந்தவன்கூட இப்படி நெளிய மாட்டான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

குத்துவிளக்கை ஏற்றினேன். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு எல்லாரும் உள்ளே போனோம். நீங்கள் நாற்காலி போட்டிருந்த இடத்தில் பஞ்சாயத்து ரேடியோ இருக்கிறது. மணிக்குப் பதிலாக நீங்கள் தட்டுகிற தண்டவாளத் துண்டைத் துடைத்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள், போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு தட்டுத் தட்டினான். மரக்கால், உழக்கு, ஓலைப்பெட்டி, சத்துணவு அண்டா. ஒரு மூலையில் கால்மிதி தையல் மெஷின், "பண்டைய நாளில் பயன்படுத்தப்பட்டது" என்று அட்டை. இன்று காலையில்கூட நான் அந்த மாதிரி மெஷினைத்தான் மிதித்துவிட்டு வந்தேன். எழிலைக் கிள்ளிக் காட்டினேன், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

அப்போதுதான் கரும்பலகைக்கு மேலே பார்த்தேன். உங்கள் போட்டோ. பெரிதாக்கி, சட்டம் போட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சந்தன மாலை போட்டு, சுற்றிலும் சீரியல் பல்ப் எரிகிறது.

"எவம்ல அது?" என்று கத்தினேன். தலைவர் பேசிக்கொண்டிருந்தார், நிறுத்திவிட்டார். "உசுரோட இருக்க மனுசனுக்கு மால போட்டது எவம்ல? பொட்டு வச்சது எவன்? இன்னும் இருவது நாள்ல மக கல்யாணம், அவுக வந்து நிக்கும்போது இதக் காட்டுவியளா?"

"தெரியாமப் போட்டுட்டாம்மா" என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். "பூல்பாண்டிதான். மைக்செட்காரன், எங்க போனாலும் மாலையும் பல்புமாப் போட்டே பழகிட்டான்."

அவன் பெஞ்சின் மேல் ஏறி மாலையைக் கழற்றினான். தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைத்தான். மெதுவாக, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்தான். "மன்னிச்சிருங்கம்மா" என்றான். அறிவு இருக்கா, படிச்சவந்தானல நீ என்று இன்னும் நாலு வார்த்தை போட்டுவிட்டு எழிலை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதி சாமான்களைப் பார்க்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து, உங்களுக்குத் திருஷ்டி கழியட்டும் என்று சூடம் கொளுத்தி வாசலில் போட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பேப்பரில் விளம்பரம் வந்துவிட்டது. தெளிவாக இருக்கிறது. கண்ணாடி இல்லாமலே நீங்கள் படிக்கலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தேன். மாலை இல்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று எழுதவில்லை. இன்றைக்கு யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கை பழகிவிட்டது, எழுதுகிறது.

மறுபடியும் மாலையைப் போட்டுவிட்டார்களோ என்று பார்க்கத்தான் செவ்வாய்க்கிழமை போனேன். கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. போட்டோ வெறுமனே இருந்தது. சரி, வந்தது வந்தோம், திறப்பன்று பார்க்காமல் விட்டதைப் பார்ப்போம் என்று ஜன்னல் பக்கம் போனேன். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பிரம்பு, சாக்குக்கட்டி டப்பா. பக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி. "ஆசிரியர் பிச்சையா பள்ளி அலமாரியில் விட்டுச் சென்றது" என்று அட்டை.

அதில் ஒரு பக்கச் சில்லு இல்லை. இன்னொரு சில்லில் செம்மண் கறை, எவ்வளவு துடைத்தும் போகாத கறை. இடது பக்கக் கம்பியில் நூல் சுற்றியிருக்கிறது. வெளுத்துப்போயிருக்கிறது. ஆனால் முடிச்சுக்கு அடியில், வெயில் படாத இடத்தில், ராணி கலர்.

என் முடிச்சு எனக்குத் தெரியாதா?

அலமாரியில் விட்டுச் சென்றாராம். அன்று காலை வீட்டு வாசலில் நான் கட்டிக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் படி இறங்கினார். அது இல்லாமல் அவருக்கு எதிரே வருகிறது பஸ்ஸா மாடா என்று தெரியாது. அதைக் கழற்றி வைத்துவிட்டுக் காவி கட்ட முடியாது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய் வாழவும் முடியாது.

அவர் என்று எழுதியிருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட இப்படி எழுதியதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பூல்பாண்டியைத் தேடிக் கடைக்குப் போனேன். அவனும் அவன் ஸ்பீக்கர் பெட்டிகளும் மட்டும்தான் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவன், நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டான்.

"பாத்துட்டியளாம்மா?"

"எங்கனய்யா கெடச்சுது?"

ஊர்க்குளத்தில். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோடையில் குளத்தைத் தூர் வாரினார்களே, அப்போது. இவன் டிராக்டரில் வண்டல் மண் அள்ளப் போயிருக்கிறான். மறுகாலுக்குக் கீழே, குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்து ஓடுகிற அந்தப் பள்ளத்தில், மண்ணோடு வந்திருக்கிறது.

"நூலப் பாத்ததும் தெரிஞ்சு போச்சும்மா. அன்னைக்குக் காலைல பஸ் ஸ்டாப்புல சாரப் பாத்தேன். என்ன சார் கண்ணாடிக்குக் கலர் நூலுன்னு கேட்டேன். எங்க வீட்டம்மா என் கண்ணாடிக்கு ரவிக்க தச்சு விட்டுட்டாடேன்னு சிரிச்சாவ. நான் அப்படியே கடைக்குப் போயிட்டேன். பெறவு தேடும்போது எல்லாரும் கேட்டாவ. பஸ் ஸ்டாப்புல நின்னாவ, பஸ் ஏறிப் போயிட்டாவன்னு நாந்தாம்மா சொன்னேன். ஏறுனதப் பாக்கல. நின்னதத்தான் பாத்தேன். நான் சொன்ன ஒத்த வார்த்தைல ஊரே தென்காசிப் பக்கம் தேடுச்சு. கொளத்துப் பக்கம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

"அவுக கொளத்துப் பக்கம் ஏன் போனாவ?"

அதையும் அவன் விசாரித்து வைத்திருந்தான். அறுப்பு முடிந்ததும் வருஷா வருஷம் குளத்துக்கு அந்தப் பக்கம் வாத்து மேய்க்கிறவர்கள் வந்து கூடாரம் போடுவார்கள். கண்ணாடி கிடைத்த வருஷம் அவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறான். ஒரு பெண் சொன்னாளாம்: "ஒரு வாத்தியாரு எம்புள்ள பேர எழுதிக்க வாரேன்னு முந்துன நாளு சொல்லி விட்டாரு. புள்ளைக்குத் தல சீவி உக்கார வச்சிருந்தேன். மழ. வரல."

நாலு பிள்ளை இருந்தால் மூடுவார்கள். அஞ்சாவதாக ஒரு பேரை எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஆபீசுக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிறார். மறுகால் தண்ணீர் பாதையை மூடி ஓடியிருக்கிறது. நனைந்த கண்ணாடியில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

"வேற எதும்..." என்று கேட்டேன். முழுசாகக் கேட்க வாய் வரவில்லை.

"இல்லம்மா. எல்லாரும் போன பெறவு கையாலயே கெளறிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. ஒங்ககிட்ட வந்து சொல்ல வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க டைரி எழுதிட்டு இருந்திய. திரும்பிப் போயிட்டேன். தூரப் போடவும் மனசு வரல. காட்சியகத்துல வச்சா நீங்களாப் பாப்பியன்னு வச்சேன். வச்ச பெறவு, பாத்துரக்கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாலை தெரியாமல் போட்ட மாலை இல்லை. ஊரில் தெரிந்தவன் ஒருத்தன்தான், அவன்தான் போட்டான். அத்தனை பேர் முன்னால் நான் வைததை வாங்கிக்கொண்டு, தன் கையாலேயே கழற்றினான்.

"யாருக்கும் சொல்லாதய்யா. எழிலு கல்யாணம் முடியட்டும்" என்றேன். இப்போது சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். தீட்டு என்பார்கள், அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார்கள். அவளுக்கு இருபத்தெட்டு வயது.

"எப்படிம்மா அதுவரைக்கும்?"

"ஆறு வருசம் தெரியாம இருந்தாச்சு. கொஞ்ச நாளு தெரிஞ்சுக்கிட்டு இருந்துட்டுப் போறேன்."

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். பின்கட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதேன். எழில் "யம்மா, தண்ணி வீணாப் போவுது" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. காலையில் குங்குமம் வைக்கும்போது கை நின்றது. வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பத்திரிகை கொடுக்கப் போன வீடெல்லாம் ஒரே கேள்விதான். "சாரு வந்துருவாகளா?" முன்பெல்லாம் இந்தக் கேள்வி கேட்டவர்களோடு சண்டைக்கு நிற்பேன், வராமல் எங்கே போவார் என்று. இன்று மாப்பிள்ளையின் அம்மாவே கேட்டார். "பேப்பர்ல போட்டிருக்கோம், பாப்போம்" என்றேன். பொய் இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.

மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிப் போன மாதம் அண்ணனோடு சண்டை போட்டிருந்தேன். இன்று அவனே வந்து, "போட்டுருதேன் உலகு, நீ சொன்ன மாதிரியே" என்றான். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்பானே.

செப்டம்பர் 4, வியாழன்

முடிந்தது. எழில் நன்றாக இருந்தாள். ரவிக்கை ஒரு சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது.

தாரை வார்த்தது அண்ணனும் மைனியும். பக்கத்தில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. தெரியாத ஒரு குழந்தை அதில் ஏறி உட்கார்ந்து லட்டுத் தின்றது. ஆளாளுக்கு இறக்கப் போனார்கள். இருக்கட்டும் என்றேன்.

மேடைக்குப் போகும் முன்னால், அறையில் அவளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே, "யம்மா, அப்பா இன்னைக்கும் வரலேன்னா நீ ஒடஞ்சு போயிராத என்ன" என்றாள்.

"வருவாகட்டி. பஸ் கெடச்சிருக்காது."

அவள் திரும்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அப்பா இருந்தா என்னைய விட்டுட்டு இருப்பாகளாம்மா? எனக்கு எப்பமோ தெரியும். நீ நம்பிக்கிட்டு இருக்கியேன்னுதான் நானும் ஒங்கூட வாசலப் பாத்தேன்."

இத்தனை வருஷம் என் மகள் எனக்காக நடித்திருக்கிறாள். இந்தப் பதினைந்து நாளாக நான் அவளுக்காக நடிக்கிறேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வெளியே மேளக்காரர்கள் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அழாதட்டி, மை கரையும்" என்று மட்டும் சொன்னேன்.

மண்டப வாசலில் மைக்செட் பூல்பாண்டிதான். தாலி கட்டுகிற நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு ஓரமாகத் திரும்பி நின்றுகொண்டான்.

செப்டம்பர் 8, திங்கள்

மறுவீட்டுக்கு வந்த எழிலிடம் நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். மாப்பிள்ளையும் இருந்தார். சொல்லி முடித்ததும் அவள், "அந்தப் பிள்ள பேரு என்னவாம்?" என்று கேட்டாள். எந்தப் பிள்ளை? "வாத்துக்காரவுக பிள்ள. தல சீவி உக்காந்திருந்தாளே." நான் கேட்கவில்லை. பூல்பாண்டியும் கேட்கவில்லையாம்.

இன்று மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பூல்பாண்டி கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். மூக்குக் கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்தேன். மனுஷன் ஒருநாளும் தானாகத் துடைத்துப் போட்டதில்லை, என்னிடம்தான் நீட்டுவார். நூல் இற்றுப்போயிருந்தது. ரவிக்கையில் மிஞ்சிய நூலைக் கொண்டுபோயிருந்தேன். பழையதை அவிழ்க்காமல் அதன் மேலேயே நாலு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டேன்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா" என்றான் பூல்பாண்டி.

"வேண்டாய்யா. பள்ளிக்கூடத்துக்காகத்தான போனாவ, பள்ளிக்கூடத்துலயே இருக்கட்டும். அட்டைய மட்டும் மாத்து."

என்ன எழுத என்று கேட்டான். சொன்னேன். எழில்தான் எழுதினாள், அவளுக்கு அவர் கையெழுத்து.

"ஆசிரியர் பிச்சையா, ஐந்தாவது பிள்ளையைக் கூட்டிவரப் போனபோது போட்டிருந்தது."

பிறகு பூல்பாண்டியிடம் அந்த மாலை எங்கே என்று கேட்டேன். தூரப் போடவில்லை. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பெஞ்சின் மேல் நான்தான் ஏறினேன், மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். மாலையைப் போட்டேன். என் குங்குமச் சிமிழிலிருந்து எடுத்துப் பொட்டு வைத்தேன். அதே விரலால் எனக்கும் வைத்துக்கொண்டேன். எழிலைத் தவிர யாரும் கவனிக்கவில்லை, கவனித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. இறங்கி, "பல்பையும் போடுய்யா" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஆறு டைரியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வாங்க, போங்க, எங்கே சுற்றுகிறீர்கள், என்னை விட்டுவிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று ஆறு வருஷமாக உங்களைத்தான் கேட்டிருக்கிறேன். நீங்கள் காவியும் கட்டவில்லை, கேரளாவுக்கும் போகவில்லை. என்னை விட்டுவிட்டு நீங்கள் எங்கேயுமே போகவில்லை. நான் தேடி அலைந்த அத்தனை நாளும், நான் துணி துவைக்கிற குளத்தில்தான் இருந்திருக்கிறீர்கள்.

ஐப்பசியில் வாத்துக்காரர்கள் வருவார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். போய்ப் பேர் கேட்டுக்கொண்டு வந்து உங்களுக்கு எழுதுகிறேன்.